ஒரு கேலன் தண்ணீரும் கிளெண்டாவின் முழங்காலும்

ஐம்பத்தைந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வீடு தராத அந்த அரிசோனா குடியிருப்பில், காலை வணக்கத்துக்கு அடுத்து விசாரிப்பது மூட்டுகளைத்தான். பேரப்பிள்ளைகளின் பெயர் மறந்தாலும், யார் எந்த முழங்காலை மாற்றிக்கொண்டார்கள் என்பது எல்லோருக்கும் அத்துப்படி.

கிளெண்டா ஓவர்பியின் வலது முழங்கால் கெட்ட நேரம் பார்த்து மக்கர் செய்தது. பத்து நாளில், டென்னிஸ் மாதிரி மட்டையால் பந்தடிக்கும் பிக்கிள்பாலில் இரட்டையர் இறுதி ஆட்டம். புருஷன் போனபின் அவளுக்கு இருந்த ஒரே துணை, ஜோடி ஆட்டக்காரி டோரீன். கால் சரியாகாவிட்டால் புதிதாகக் குடிவந்த மார்ஷாவோடு ஆடுவேன் என்று டோரீன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்.

வைத்தியமும் டோரீனே சொன்னாள். மூட்டுக்குள் பசை வறண்டுபோச்சாம். எந்த மணிக்குள் எதுவரை குடிக்க வேண்டும் என்று மணிக்கொரு கோடு போட்ட, நாலு லிட்டர் பிடிக்கும் ஒரு கேலன் பாட்டிலைக் கையில் திணித்தாள். பத்து மணிக் கோட்டில் 'விடாதே' என்று எழுதியிருந்தது. டாக்டரோ, தண்ணீர் மூட்டுக்கு நல்லதுதான், அதற்காக அளவில்லாமல் குடிக்காதே, தினமும் கொஞ்சம் நட என்றார். இவரெல்லாம் ஒரு டாக்டரா என்றாள் டோரீன்.

கிளெண்டா குடித்தாள். கழிப்பறைக்கு நாளொன்றுக்கு முப்பது நடை நடந்தாள். கால் இளகிவிட்டது. நல்ல பெயர் மட்டும் பாட்டிலுக்குப் போனது.

இறுதி ஆட்டம் சமநிலையில் இழுத்துக்கொண்டே போனது. இரண்டு இடைவேளையையும் கிளெண்டா கழிப்பறையிலேயே தீர்த்திருந்தாள். பத்துக்கு ஒன்பது என கிளெண்டா ஜோடி முன்னிலை. இன்னும் ஒரே புள்ளி எடுத்தால் கோப்பை. பந்து போட மட்டையைத் தூக்கியவளுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. மட்டையைப் போட்டுவிட்டு ஓடினாள். வேலிக்கதவு, படிக்கட்டு, புல்வெளி எல்லாம் நாற்பது வயதுக்காரி மாதிரி தாண்டினாள். திரும்பி வருவதற்குள், ஆட்டத்தைப் பாதியில் விட்டதாகச் சொல்லி எதிரணி வென்றதாக அறிவித்துவிட்டார்கள்.

டோரீனைச் சுற்றி எட்டுப் பெண்கள் பாட்டில் எங்கே கிடைக்கும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தீங்கல்ல, எப்படி ஓடினாள்னு? போன வாரம் நொண்டிக்கிட்டுக் கெடந்தவ," என்றாள் டோரீன்.

பிறகு கிளெண்டாவைத் தனியே இழுத்தாள்.

"அடுத்த மாசம் நான் மார்ஷாவோட ஆடறேன்டி. கோவிச்சுக்காத. நீ தண்ணிய மட்டும் விட்டுடாத, என்ன?"

கிளெண்டா பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கிப் பார்த்தாள். கொஞ்சமும் வலிக்கவில்லை. அதை நினைத்துத்தான் அவளுக்கு அழுகை வந்தது.