முடிந்தது என்ற கட்டம்

சவரிநாதன் ராயபுரத்தில் இருபத்தைந்து வருடமாக எலெக்ட்ரிகல் கான்ட்ராக்ட் எடுக்கிறவர். எந்த வேலை பாக்கி, எது முடிந்தது, யார் எங்கே என்பதெல்லாம் அவர் தலைக்குள்தான் இருந்தது. அது போதும் என்றுதான் அவரும் இருந்தார். மணலிப் பக்கம் ஒரு கம்பெனி, பயிற்சிச் சான்றிதழ் இருந்தால்தான் டெண்டர் பாரமே கொடுப்போம் என்று சொல்லிவிட்டது. வேறு வழியில்லாமல் ஐம்பத்திரண்டு வயதில் மகளின் லேப்டாப் முன்னால் போய் உட்கார்ந்தார். கான்ட்ராக்டர்கள் வேலையைத் திட்டமிட்டு நடத்துவது எப்படி என்று ஆறு வார ஆன்லைன் வகுப்பு. முதல் வாரம் முணுமுணுத்தார். மூன்றாவது வாரம், சொன்னால் வெட்கக்கேடு, அது அவருக்குப் பிடித்துப்போய்விட்டது.

வகுப்பெடுத்த ஜானட் மேடம், வேலைகளைக் கட்டம் கட்டமாகப் போடச் சொல்லியிருந்தார். தொடங்க வேண்டியது, நடப்பது, முடிந்தது என்று மூன்று வரிசை. கட்டத்துக்குள் ஆள் பெயர், நேரம், வேலை கொடுத்தவரின் போன் நம்பர். மற்றவர்கள் பயிற்சிக்காக ஏதோ கற்பனை வேலையைப் போட்டார்கள். சவரிநாதனுக்கு அப்படிப் பொய்யாக எழுத வராது. காசிமேட்டு ஐஸ் பேக்டரியில் புது மெஷினுக்கு லைன் இழுக்கிற நிஜ வேலையையே போட்டார். மேனேஜர் பாஸ்கலின் நம்பரையும் போட்டார்.

அன்று காலை பத்து மணிக்கு அந்த லைனின் ஃபியூஸ் கட்டைகள் மூன்றையும் அவரே பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இவர்கள் தொழிலில் அது எழுதாத சட்டம். பிடுங்கியவன் பையில்தான் கட்டை இருக்கும். அவன் கையால் திரும்பச் சொருகும்வரை அந்த லைனில் கரண்ட் வராது. இருபது வருடமாக அவரிடம் வேலை பார்க்கும் டில்லிபாபு, டெஸ்டரை வைத்து ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

"நீ கிளாஸுக்குப் போண்ணா. கட்டை உன்னாண்ட கீது, எனுக்கு இன்னா பயம்?" என்று அவரை அனுப்பியும் வைத்தான்.

பதினொன்றேகாலுக்கு மேடம், "எல்லாரும் ஒரு கட்டத்தை 'முடிந்தது' வரிசைக்கு நகர்த்திப் பாருங்க" என்றார். அவரிடம் இருந்ததே ஒரு கட்டம்தான். நகர்த்தினார். பச்சையாக மாறியது. "சூப்பர், சவரிநாதன் சார்!" என்றார் மேடம். பள்ளிக்கூடத்தில்கூட யாரும் அவரை அப்படிச் சொன்னதில்லை. மனுஷன் முகமெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தார்.

ஐந்து நிமிடத்தில் போனில் பாஸ்கலின் மெசேஜ் வந்தது. 'வேலை முடிஞ்சதா தகவல் வந்துச்சு. லைன் போட்டாச்சு. நன்றி.'

முதலில் சிரிப்புதான் வந்தது. கட்டை இல்லாமல் எப்படிப் போடுவான்? சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். மூன்றும் இருந்தன. இருந்தாலும் மனசு கேட்காமல் போன் போட்டார்.

"இன்னா பாஸ்கலு, கட்டை என்னாண்ட கீது. நீ எப்படி லைன் போட்ட?"

"மறந்து எத்துகினு போய்ட்டீங்க போலன்னு, ஸ்டோர்ல இருந்த வேற கட்டைய சொருகிட்டேன்ணே."

சவரிநாதன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "டில்லி லைன்ல கீறான்யா! புடுங்கு, ஓடு!"

"ஐயோ! நான் ஐஸ் லோடு ஏத்திகினு ஹார்பருக்கு வந்துட்டேனே. பேனல் ரூம் சாவியும் எங்கைல கீது. தோ வரேண்ணே!"

டில்லிபாபுவுக்குப் போன் அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. பேக்டரியில் பெரிய கம்ப்ரசர் ஓடும் சத்தத்தில் போன் எங்கே கேட்கப் போகிறது? லேப்டாப்பைப் பார்த்தார். பச்சைக் கட்டத்தின் ஓரத்தில், பாஸ்கல் நம்பருக்குத் தகவல் தானாகவே போய்விட்டதாக எழுதியிருந்தது. கட்டத்துக்குள் அவரே நேரம் போட்டிருந்தார்: பதினொன்றரை, செம்பு முனைகளை முறுக்குவது. மணி பதினொன்று இருபத்து மூன்று. டில்லிபாபு சொன்ன நேரத்துக்குச் சொன்ன வேலையைச் செய்கிறவன். அந்த நல்ல குணத்தை நினைத்து அவர் அன்றைக்குத்தான் நடுங்கினார்.

வண்டியை எப்படி எடுத்தார், எந்தத் தெருவில் திரும்பினார் என்பது அவருக்கே தெரியாது. கண்டெய்னர் லாரி ஒன்று வழியை அடைத்துக்கொண்டு நின்றது. பிளாட்பாரத்தில் ஏறி, மீன்கூடைக்காரியிடம் வசவு வாங்கிக்கொண்டு போனார். "அந்தோணியாரே, அவனைத் தொடவுடாத, தொடவுடாத" என்பதைத் தவிர வேறு ஜெபம் வாயில் வரவில்லை. புளியந்தோப்பில் டில்லிபாபுவின் பெண்டாட்டி சீனியம்மாள் வாசலில் நிற்பதுபோலவே கண்ணுக்குத் தெரிந்தது. அவளிடம் போய் நான் எதைச் சொல்வேன்?

பேக்டரியின் பின்கொட்டகையில் தரையெல்லாம் ஐஸ் தண்ணீர். மர ஏணியின் மேல் டில்லிபாபு உயிரோடு நின்றிருந்தான். அவன் தலைக்கு நேரே, தோல் சீவிய மூன்று செம்பு முனைகள் தொங்கின.

"தொடாதடா! டில்லி, தொடாத!"

கம்ப்ரசர் அந்தச் சத்தத்தை விழுங்கிவிட்டது. ஓடிவரும் அவரை டில்லிபாபு பார்த்தான். எதற்கு இந்த மனுஷன் இப்படிக் கையை ஆட்டுகிறார் என்று சிரித்தான். கட்டை உன் பையில்தானே என்பதுபோலத் தன் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினான். பிறகு திரும்பி, செம்பைப் பிடிக்கக் கையை நீட்டினான்.

சவரிநாதன் ஏணியை எட்டி உதைத்தார்.

டில்லிபாபு பக்கவாட்டில் விழுந்தான். இடது மணிக்கட்டு உடம்புக்கு அடியில் மடங்கியது. வலியில் கத்தினான். அதைக் கேட்டு சவரிநாதனுக்கு அழுகையும் நன்றியும் ஒன்றாக வந்தன. கத்துகிறான், அப்படியென்றால் இருக்கிறான்.

"பைத்தியமாண்ணா உனுக்கு? ஏன் ஒதைச்ச?"

சவரிநாதன் ஏணியை நிமிர்த்தினார். மேலே ஏறி, டெஸ்டரை முதல் முனையில் வைத்தார். விளக்கு எரிந்தது. இரண்டாவதிலும் எரிந்தது. மூன்றாவதைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை.

கீழே கிடந்த டில்லிபாபு அந்தச் சின்ன வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வலிகூட மறந்துபோன முகம். பிறகு அவர் சட்டைப் பையைப் பார்த்தான். கட்டைகள் அங்கேயே துருத்திக்கொண்டிருந்தன. ஒடிந்த கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து உட்கார்ந்தான். பற்களைக் கடித்தான்.

"எவன்ணா கரண்ட் வுட்டது? சொல்லு, அவன வெட்டிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வருவேன்."

சவரிநாதன் ஈரத் தரையில் அவன் எதிரே உட்கார்ந்தார்.

"நான்தான்டா" என்றார்.