இரண்டு வீட்டுக்கு ஒரு திரை

லப்டொப்பின் வயரைச் சுவரிலிருந்து கழற்றியதும் திரையில் ஓடிக்கொண்டிருந்த ஆள், சேற்றில் கால் புதைந்தவனைப் போலத் தடுமாறினான். அஸ்மின் விசைகளைத் தட்டித் தட்டிப் பார்த்தான். தட்டியது ஒரு நேரம், ஆள் திரும்பியது ஒரு நேரம். பற்றரியில் விட்டால் எல்லா லப்டொப்பும் இப்படித்தான் வலுவைக் குறைத்துக்கொள்ளும் என்று சொன்னாள் சுதாஜினி. வவுனியா பஸ் நிலையத்துக்குப் பின்வீதியில் இருந்த அந்தக் கடை அவளுடையது. சாமானை விற்கிற அவசரம் அவளிடம் இருக்கவில்லை. சூடும் இருக்கும், விசிறி இரைச்சலும் இருக்கும், கேம் விளையாட வேண்டுமென்றால் எங்கே கொண்டுபோனாலும் வயரைக் குத்தத்தான் வேண்டும் என்றாள்.

"நீங்கள் எங்க வச்சு விளையாடுறனீங்கள், தம்பி?"

சாதாரணக் கேள்விதான். ஆனால் அஸ்மினுக்கு வீடு இரண்டு.

அவன் மனைவி றிம்ஸியா புத்தளத்தில் ரீச்சர், தன் உம்மாவோடு இருந்தாள். அவன் வாப்பா மீராசாகிபு முல்லைத்தீவில், தண்ணீரூற்றில். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரையும் போல வெறுங்கையோடு வெளியேற்றப்பட்ட மனிதர், சண்டை முடிந்து சில வருசங்களில் திரும்பி வந்து, காடு பற்றிக் கிடந்த வளவைத் துப்புரவாக்கி, றோட்டுக்கரையில் இரும்புச் சாமான் கடையும் பின்னால் ஒரு வீடுமாக எழுப்பியிருந்தார். மகனின் கலியாணத்துக்கென்று அதில் ஒரு புது அறையும் கட்டியிருந்தார். அஸ்மினின் உம்மா புத்தளத்திலேயே மௌத்தாகி அடக்கமாகிவிட்டா. கிழமை நாட்களில் வாப்பாவோடு கடை, கிழமை முடிவில் புத்தளம். கலியாணம் முடித்து இரண்டு வருசமாக அஸ்மினின் ஓட்டம் இதுதான். புத்தளத்தில் இருந்தால் கடை திறக்கிற நேரம் நினைவுக்கு வரும். கடையில் இருந்தால் பஸ் நேரம் நினைவுக்கு வரும்.

புத்தளத்து வீட்டிலிருந்த பழைய கம்பியூட்டர் மின்னலில் கருகிப் போனதிலிருந்து இந்த அந்தரம் கூடிவிட்டது. அவன் விளையாடிய கேம் ஐந்து பேர் சேர்ந்து ஆடுவது. ஒருவன் கட்டாரில், ஒருவன் மாங்குளத்தில், மற்ற இருவரையும் குரலாக மட்டும்தான் தெரியும். பின்னால் நின்று வாசலைக் காப்பது அஸ்மினின் வேலை. மற்றவர்கள் எங்கே ஓடினாலும் அவன் அசையாமல் நிற்பான். நீ இல்லாமல் தோற்றுக்கொண்டிருக்கிறோம், சீக்கிரம் வராவிட்டால் வேறு ஆளைப் பிடிப்போம் என்று மாங்குளத்து அனோஜன் முகத்துக்கு நேரே சொல்லியும்விட்டான். அன்று தொடக்கம் பஸ்ஸில் ஏறினால் போனில் லப்டொப் வீடியோக்கள், இறங்கும்போது சின்னப் பெட்டிக் கம்பியூட்டர் வீடியோக்கள். மதவாச்சிவரை ஒரு முடிவு, வவுனியா வந்தால் இன்னொரு முடிவு.

சுதாஜினி அடுத்ததாக எடுத்து வைத்த பெட்டி ஒரு இறாத்தல் பாண் அளவுதான், ஒரு கையில் தூக்கலாம். அதற்குள் ஒரு முழுக் கம்பியூட்டர் இருந்தது. லப்டொப்பை விட வலுவானது, பிறகு பாகம் மாற்றவும் வசதி. அஸ்மினின் மனதில் சட்டென்று ஒரு வழி திறந்தது. வீட்டுக்கு ஒன்றாக இரண்டு மொனிட்டர். பெட்டி மட்டும் பைக்குள் போய்வரும். உடனே றிம்ஸியாவுக்குப் போன் எடுத்து, புத்தளத்து மேசையில் மொனிட்டர் வைக்க இடம் கிடைக்குமா என்று கேட்டான். அவளுக்கு இடைவேளை நேரம்.

"இங்கயும் ஒண்டு, அங்கயும் ஒண்டு வச்சிட்டீங்க எண்டா, காலம் முழுக்க நீங்க பஸ்ஸிலதான் இருப்பீங்க, மச்சான்." பிறகு குரலைத் தணித்துச் சொன்னாள். "பெட்டி எங்க இருக்கிறதெண்டு கேக்கிறீங்க. நான் எங்க இருக்கிறதெண்டு ரெண்டு வருசமா ஒருக்காலும் கேக்கல்ல."

மணி அடித்தது. அவள் போனை வைத்துவிட்டாள்.

பிறகு வாறன் என்று சுதாஜினியிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தான். தேத்தண்ணி வாங்கினான், பாதியில் வைத்தான். முல்லைத்தீவு பஸ் ஆட்களை ஏற்றிக்கொண்டு அவன் கண் முன்னாலேயே புறப்பட்டுப் போனது. கேட்காமல் இருந்தது மறதியால் அல்ல என்று அவனுக்குத் தெரியும். வரமாட்டேன் என்று அவள் சொன்னால், அந்தக் கடையையும் வாப்பாவையும் விட்டுப் போக வேண்டும். வருகிறேன் என்று சொல்லி, சொந்தக்காரர் அதிகமில்லாத அந்த ஊரில் அவள் வாடிப்போனால், அதற்கு அவன்தான் பொறுப்பு. பஸ்ஸில் இருக்கும்வரை இரண்டு பழியும் இல்லை. போய்க்கொண்டிருக்கிறவனிடம் யாரும் பதில் கேட்பதில்லை.

திரும்பிப் போய்ப் பெட்டியையும் ஒரேயொரு மொனிட்டரையும் வாங்கினான். பையில் போட்டுக் கொண்டுதிரிய முடியாத பெரிய மொனிட்டர்.

"மற்ற வீட்டுக்கு?" என்று கேட்டாள் சுதாஜினி.

"ஒண்டு போதும்."

பள்ளிக்கூடம் விடும்வரை காத்திருந்து, பஸ் நிலைய வாங்கில் உட்கார்ந்து அட்டைப்பெட்டியை அணைத்தபடி மறுபடியும் போன் எடுத்தான்.

"றிம்ஸி, தண்ணீரூத்துக்கு வாறியா? ரெண்டு நாளைக்கில்ல. இருக்கிறதுக்கு."

பிள்ளைகளின் சத்தம் கேட்டது. அவள் அதைவிட்டுத் தள்ளி வந்து கேட்டாள்.

"அந்தப் புது அறையில யன்னல் எந்தப் பக்கம்?"

"றோட்டுப் பக்கம்."

"பின்னேரம் வெயில் உள்ளுக்கு வருமா? நான் அந்த நேரத்திலதான் கொப்பி திருத்துறது."

அவனுக்குத் தெரியவில்லை. பின்னேரங்களில் அவன் கடையில் நிற்பான், அல்லது பஸ்ஸில் இருப்பான். பார்த்துச் சொல்கிறேன் என்றான். அவள் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பார்த்துச் சொல்லுங்க என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் பின்னேரம் கடையை நேரத்தோடு சாத்தினார்கள். சாப்பாட்டு மேசையை வாப்பாவும் மகனும் அறைக்குள் தூக்கி வந்து, மொனிட்டரை அதன்மேல் நிறுத்தினார்கள். பெட்டி இன்னும் உறை பிரிக்காமல் கட்டிலில் கிடந்தது. அனோஜன் எடுத்த போன் அடித்து ஓய்ந்தது. விளையாட அவ்வளவு அவசரப்பட்டவன் ஏன் வயரைக்கூடக் குத்தாமல் நிற்கிறான் என்று வாப்பா கேட்டார். றிம்ஸியா கேட்டதை அஸ்மின் சொன்னான். மீராசாகிபு யன்னலைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். பிறகு குனிந்து மேசையின் ஒரு தலைப்பைப் பிடித்துக்கொண்டார்.

றோட்டுக்கு அப்பால் தேக்கமரங்களுக்கு மேலே சூரியன் நின்றது. வெயில் யன்னல் கம்பிகளின் நிழலோடு நிலத்தில் ஊர்ந்து வந்து மேசைக்காலைத் தொட்டது, மெல்ல மேலே ஏறியது. அஸ்மின் மற்றத் தலைப்பைப் பிடித்தான்.

"பொறு," என்றார் வாப்பா. "வெயில் எதுமட்டும் வருதெண்டு பாத்திட்டு நகத்துவம்."

இருவரும் மேசையைப் பிடித்தபடியே நின்றார்கள். அணைந்து கிடந்த கறுப்புத் திரையின் ஒரு மூலையில் வெளிச்சம் ஏறத் தொடங்கியது.