காலி நாற்காலிகளின் ஒப்புதல்

நகரசபையில் இளைஞர் ஆலோசனைக் குழு அமைக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் சோனிகா லிங்தென் வாய்விட்டுச் சிரித்தாள். அந்த மலை நகரத்தில் இளைஞர்களிடம் இரண்டே கேள்விகள்தான் கேட்பார்கள். கத்தாருக்கு எப்போது போகிறாய், ஆஸ்திரேலியா காகிதம் எந்த மட்டில் இருக்கிறது. ஊரில் இருக்கப் போகிறவர்களைப் பற்றி யாருக்கும் அக்கறை இருந்ததில்லை. இப்போது திடீரென்று ஆலோசனை வேண்டுமாம்.

ஆனால் அவளுக்குச் சிரித்துவிட்டுப் போக முடியாத ஒரு காரியம் இருந்தது. மேல் மைதானத்தில் மேயர் ஒரு காட்சிக் கோபுரம் கட்டப் போகிறார் என்று பேச்சு அடிபட்டது. பக்கத்து நகரசபை போன வருஷம் ஒன்று கட்டிவிட்டது. படிக்கட்டுக்குப் பூட்டுப் போட்டு, சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரியாமல், மழையில் துருப்பிடித்து நிற்கிறது. அதைவிட ஒரு மாடி உயரமாகக் கட்டாவிட்டால் நம் மேயருக்குத் தூக்கம் வராது. மலை முகட்டில் இருக்கும் ஊர் அது. வீட்டு வாசலில் நின்று பல் தேய்த்தாலே பனிமலை முழுசாகத் தெரியும். அதைப் பார்க்கத்தான் கோபுரம்.

அந்த மேல் மைதானம்தான் ஊரிலேயே சமதரையாக இருக்கிற ஒரே இடம். மற்ற இடங்களில் பந்தை உதைத்தால் ஆற்றில்தான் போய்ப் பொறுக்க வேண்டும். சோனிகா அங்கேதான் கோல்கீப்பர் ஆனாள். அவளையும் சேர்த்துப் பதினோரு பெண்கள் தினமும் காலையில் அங்கே ஆடுகிறார்கள். தசைன் பண்டிகை முடிந்ததும் போலீஸ் பெண்கள் அணிக்கு ஆள் எடுப்பவர்கள் அந்த மைதானத்துக்கே வந்து ஆட்டத்தைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். தேர்வானால் சீருடை, சம்பளம், நிரந்தர வேலை. கத்தாரில் யார் வீட்டுப் பாத்திரத்தையோ கழுவ வேண்டாம். இந்த ஒன்றை நம்பித்தான் சோனிகா இரண்டு வருஷமாகப் பாஸ்போர்ட் எடுக்காமல் இருந்தாள்.

"நீ அந்தக் குழுவுல சேந்துடு தீதி," என்றாள் ஜுனு. அணியின் முன்கள ஆட்டக்காரி, பள்ளி இறுதி வகுப்பு, வாய் நீளம். தன்னைவிட மூத்தவள் என்பதால் சோனிகாவை அக்கா முறையில் தீதி என்பாள். "வெளிய நின்னு நாம கத்தினா யாரு காதுல விழும்? உள்ள போய் உக்காந்து சொல்லு."

"உள்ள போனவங்க யாரு என்ன சொல்லியிருக்காங்க, இதுவரைக்கும்?"

"அவங்களுக்குச் சொல்ல ஒண்ணுமில்ல, சொல்லல. உனக்கு இருக்குல்ல?"

அது நியாயமாகப் பட்டது. சேர்ந்தாள்.

குழுவில் மொத்தம் ஒன்பது பேர். தலைவன் நிஷ்சல் பஸ்நேத், மேயரின் தங்கை மகன். தேர்தல் நடந்ததா என்று கேட்டால் எல்லோரும் ஏகமனதாக என்பார்கள். யார் மனது என்பதை யாரும் கேட்கவில்லை. பிரெக்ஷா தாகால் ஆஸ்திரேலியாவுக்கு விண்ணப்பித்திருந்தாள். அதில் சமூக சேவை என்ற கட்டத்துக்குள் எழுத ஏதாவது வேண்டியிருந்தது. மற்றவர்களில் பாதிப்பேர் கட்சிக்காரர்களின் பிள்ளைகள். மீதிப்பேர் சிற்றுண்டிப் பெட்டிக்காக வந்தார்கள். அவர்களை மட்டும் சோனிகாவுக்குப் பிடித்திருந்தது. வந்த காரணத்தை ஒளிக்காமல், ஆளுக்கு இரண்டு சமோசா எடுத்துக்கொண்டு அமைதியாக இருந்தார்கள்.

முதல் கூட்டத்தில் குழுவின் சின்னம் என்ன என்று விவாதித்தார்கள். உதயசூரியனா, விரிந்த கையா. சூரியனும் இருக்கட்டும், கையும் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. இரண்டாவது கூட்டத்தில் சட்டையின் நிறம். மூன்றாவது கூட்டத்துக்குள் ஃபேஸ்புக் பக்கம் திறந்து, அதில் சின்னத்தையும் சட்டையையும் போட்டு, நகரத்தின் எதிர்காலத்தை மாற்றிக்கொண்டிருப்பதாக அறிவித்துவிட்டார்கள். சோனிகா ஒவ்வொரு தடவையும் மைதானப் பேச்சை எடுத்தாள். ஒவ்வொரு தடவையும் நிஷ்சல் கையை உயர்த்தி, கோயில் பூசாரி ஆசீர்வாதம் செய்வதுபோல அவளை அமர்த்தினான்.

"இங்க பேசி என்ன ஆவப் போவுது சோனிகா? ஜனங்ககிட்ட கருத்துக் கேட்பு வருதில்ல. மாமாவே சொல்லிட்டாரு. வந்திருக்கற சபையிலேருந்து ஒரு ஆள் எந்திரிச்சு வேணாம்னு சொன்னாக்கூட கோபுரத்த நிறுத்தி வச்சிட்டுத்தான் பேசணும். சட்டமே அதான்."

"ஒரு ஆள் போதுமா?"

"ஒரே ஆள் போதும். ஜனநாயகம்னா சும்மாவா?"

அவன் பொய் சொல்லவில்லை. பொய் சொல்லுமளவுக்கு அவனுக்கு மூளையும் கிடையாது. சோனிகா அன்றிரவு பேச வேண்டியதை மனப்பாடம் செய்தாள். இரண்டு நிமிஷத்துக்குள் முடியும்படி வெட்டினாள். வெட்டிய பிறகு இன்னும் நன்றாக இருந்தது.

கருத்துக் கேட்பைப் பள்ளிக்கூடம் நடக்கும் நேரத்தில் வைத்தார்கள். அதனால் ஜுனுவும் மற்றப் பெண்களும் வர முடியவில்லை. ஊருக்கு முறையாக யாரும் சொல்லவும் இல்லை. நகரசபை மண்டபத்தில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசை வரிசையாகப் போட்டிருந்தார்கள். முன்வரிசைகளில் பெரிய மனிதர்களும் குழுவினரும் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் நிறையக் காலி.

நிகழ்ச்சியை நடத்தியவர் விதுர் கதிவடா. நகரசபையின் தகவல் அதிகாரி. தேன் தடவிய குரல். மைக் இல்லாமல் அவரால் வீட்டில் சாதம் கேட்டு வாங்க முடியுமா என்று சோனிகாவுக்குச் சந்தேகம் உண்டு. அவர் முதல் வேலையாக மேடைக்கு ஆட்களை அழைக்க ஆரம்பித்தார். இது இல்லாமல் அந்த ஊரில் ஒரு கோழிப்பண்ணைகூடத் திறக்க முடியாது. பெயர், பட்டம், பெருமை எல்லாம் சொல்லி ஒவ்வொருவரையும் கூப்பிட வேண்டும். கூப்பிடப்பட்டவர் எழுந்து, வேண்டாம் வேண்டாம் என்று பாசாங்கு செய்து, நடந்து வந்து, மார்பில் பேட்ஜ் குத்திக்கொண்டு, கழுத்தில் காதா என்ற மரியாதைத் துண்டு வாங்கி, எல்லோரையும் கும்பிட்டு உட்கார்ந்த பிறகுதான் அடுத்த பெயர். ஒருவரை விட்டுவிட்டால் தீர்ந்தது கதை. அவர் அடுத்த தேர்தல் வரை மறக்க மாட்டார்.

தலைமை விருந்தினர் ஏறினார். மேயர் தேஜ்பகதூர் கார்க்கி ஏறினார். துணை மேயர், வார்டுத் தலைவர்கள், மூன்று கட்சிகளின் தலைவர்கள், அந்தக் கட்சிகளிலிருந்து பிரிந்துபோன கட்சிகளின் தலைவர்கள், வர்த்தகர் சங்கம், பத்திரிகையாளர் சங்கம், தாய்மார் சங்கம், இரண்டு ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர்கள். மேடையில் இடம் போதாமல் பக்கவாட்டில் பெஞ்சு போட்டார்கள். பிறகு விதுர் குரலை இன்னும் இனிப்பாக்கி, இன்றைய நாயகர்களான இளைஞர்கள் என்றார். நிஷ்சல் ஏறினான். பிரெக்ஷா ஏறினாள், ஏறுவதை ஒருத்தியை விட்டுப் படமெடுக்கவும் செய்தாள். சமோசாக்காரர்களும் ஏறினார்கள்.

கடைசியில் முன்வரிசைகளில் சோனிகா மட்டும் இருந்தாள். அவளுக்கு அப்போதே லேசாக உறைத்தது. சபையிலிருந்து பேச வேண்டுமென்றால் சபையில் இருக்க வேண்டும். கூப்பிட்டாலும் போகக் கூடாது என்று நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இறுதியாக," என்றார் விதுர், "நம் மண்ணின் பெருமை, நாட்டின் கோல் வலையைக் காக்கும் தேசிய வீராங்கனை சோனிகா லிங்தென் அவர்களை ஆசனம் ஏற்க அழைக்கிறேன்."

தேசிய வீராங்கனை. மாவட்ட எல்லையைத் தாண்டி அவள் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. ஆனாலும் அந்த வார்த்தை காதில் விழுந்ததும் முதுகு தானாக நிமிர்ந்தது. மேடை முழுக்கக் கை தட்டியது. ஃபேஸ்புக்கில் போடப் படம் பிடித்துக்கொண்டிருந்த உள்ளூர் எஃப்எம் வானொலிக்காரன் கேமராவைத் திருப்பினான். நாற்காலியின் கையை எப்போது விட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வேண்டாம் வேண்டாம் என்று அவளும் சொன்னாள், மற்றவர்கள் சொன்ன அதே சுருதியில். பேட்ஜ் குத்தினார்கள். துண்டு போட்டார்கள். முன்வரிசையில் இடம் கொடுத்தார்கள். நாற்காலியில் மெத்தை இருந்தது.

மேயர் பேசினார். மேடையில் இருக்கும் அத்தனை பேரையும் பெயர் சொல்லி விளித்து முடிப்பதற்குள் தலைமை விருந்தினர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். இளைஞர்கள் நாளைய தூண்கள் என்றார் மேயர். தூண்களின் பெயரால் கோபுரம் எழும்பும் என்றார். பிறகு விதுர் மைக்கை வாங்கி, முகத்தைப் பவ்யமாக வைத்துக்கொண்டு கேட்டார்.

"சபையிலிருந்து யாருக்காவது ஆட்சேபணை உண்டா?"

எல்லோரும் கீழே பார்த்தார்கள். சிவப்பு நாற்காலிகள். கடைசி வரிசையில் மைக்செட்காரர் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். டீ கிளாஸ் பொறுக்க வந்த பெண், தன்னை ஏன் இத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று பயந்து வெளியே போய்விட்டாள்.

சோனிகா கையைத் தூக்கினாள்.

விதுர் மைக்கைப் பொத்திக்கொண்டு அவள் பக்கம் குனிந்து, தங்கையைக் கூப்பிடும் முறையில் கேட்டார். "என்ன பைனி, தண்ணி வேணுமா?"

"நான் பேசணும் சார். ஆட்சேபணை."

"நீங்க எப்படிப் பேசுவீங்க? நீங்க மேடையில இருக்கீங்களே."

"சபையிலேருந்து ஒரு ஆள் சொன்னாப் போதும்னாங்க."

"அதத்தான் சொல்றேன். சபை வேற, மேடை வேற. மேடைக்கு வந்தவங்க நிகழ்ச்சிய நடத்தறவங்க. நடத்தறவங்களே ஆட்சேபிச்சா நல்லாருக்குமா? பெரியவங்க இருக்காங்க. உக்காருங்க பைனி."

அவர் மிரட்டவில்லை. கல்யாண வீட்டில் இலை மாறி உட்கார்ந்தவளைத் திருத்துவதுபோலத்தான் சொன்னார். நாலே படி. இறங்கிப்போய் ஒரு சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்தால் அவள் சபை. அது அவளுக்குத் தெரியும். ஆனால் தலைமை விருந்தினரின் முழங்காலைத் தாண்ட வேண்டும், கேமரா பார்க்கும், துண்டைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. இத்தனை அற்பமான காரணங்களுக்காக அவள் உட்கார்ந்தாள்.

"சபையில் ஆட்சேபணை இல்லை," என்றார் விதுர். "இளைஞர் ஆலோசனைக் குழுவின் பரிந்துரைப்படி கோபுரத் திட்டம் கரவொலியோடு நிறைவேறுகிறது."

மேடை கை தட்டியது. சோனிகாவும் தட்டினாள். பக்கத்தில் எல்லோரும் தட்டும்போது அவளுடைய கைகளும் போய்ச் சேர்ந்துகொண்டன. எத்தனையோ பந்துகளைப் பிடித்த கைகள் அவை.

மறுநாள் காலை அவள் மைதானத்துக்குப் போவதற்கு முன்பே மேடையில் எடுத்த படம் போய்ச் சேர்ந்திருந்தது. பெண்கள் ஜுனுவின் கைப்பேசியைச் சுற்றி நின்றார்கள்.

"நல்லா வந்திருக்க தீதி," என்றாள் ஜுனு. "எல்லாரையும் விட நீதான் நல்லா கை தட்டியிருக்க."

"என்னைப் பேச விடல ஜுனு."

"வாயக் கட்டிப் போட்டாங்களா?"

"மேடையில உக்கார வச்சிட்டாங்க."

"நீ நடந்து போய் உக்காந்தியா, தூக்கிட்டுப் போனாங்களா?"

சோனிகா கையுறையை மாட்டிக்கொண்டாள். ஜுனு பந்தை எடுத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு அவள் அடித்த ஒவ்வொரு அடியும் நேராக சோனிகாவின் முகத்தைத் தேடி வந்தது.

அணியின் பயிற்சியாளரிடம் தொலைபேசியில் சொன்னாள். "மைதானம் இல்லாத ஊருக்கு போலீஸ்காரங்க ஆள் எடுக்க எதுக்கு வரப்போறாங்க? அடிக்கல் வைக்கறத தசைனுக்கு அப்புறம் தள்ளிப் போடச் சொல்லிப் பாரு. அது ஒண்ணுதான் வழி," என்றார்.

தள்ளிப்போடச் சொல்ல அவளுக்கு ஒரு இடம்தான் மிச்சமிருந்தது. அடிக்கல் விழா. இந்தத் தடவை யார் கூப்பிட்டாலும் மேடை ஏறுவதில்லை என்று தீர்மானித்தாள். ஜுனுவிடமும் சொன்னாள். "பாக்கலாம்," என்றாள் ஜுனு.

தசைனுக்கு முன்னால், நல்ல வெயில் நாளில் விழா நடந்தது. கோல் கம்பத்துக்குப் பக்கத்திலேயே பந்தல். இந்த முறை ஊரே வந்திருந்தது, விருந்து உண்டு என்று சொல்லியிருந்தார்கள். பந்தலுக்குப் பின்னால் மஞ்சள் புல்டோசர் ஒன்று நின்றது. சோனிகா முதல் வரிசைக்கும் முன்னால், புல்தரையில், விதுர் கைநீட்டினால் தொடும் தூரத்தில் நின்றுகொண்டாள். பின்னால் பத்துப் பெண்களும் நின்றார்கள்.

விதுர் அழைக்கத் தொடங்கினார். அதே பெயர்கள், அதே பாசாங்கு. பிரெக்ஷா மட்டும் இல்லை. அவளுக்கு விசா வந்துவிட்டது.

"தேசிய வீராங்கனை சோனிகா லிங்தென் அவர்களை ஆசனம் ஏற்க அழைக்கிறேன்."

அவள் அசையவில்லை. "நான் கீழதான் இருக்கேன் சார்," என்றாள். "சபையிலேருந்து ஒரு ஆட்சேபணை."

விதுர் அவளைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பிறகு பார்வையை அவள் தலைக்கு மேலே, கூட்டத்துக்குள் ஓடவிட்டார்.

"சோனிகா லிங்தென் அவர்கள் எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்."

"இங்கதான் இருக்கேன். இந்த மைதானம் எங்களுக்கு வேணும். தசைன் முடியற வரைக்குமாவது தள்ளிப் போடுங்க."

மேயர் லேசாகத் தலையை ஆட்டினார். விதுர் மைக்கை வாய்க்கு இன்னும் அருகில் கொண்டுபோனார்.

"வீராங்கனை வரவில்லை என்று தெரிகிறது. அவருடைய வாழ்த்து நமக்கு என்றும் உண்டு. கீழே இருப்பவர்கள் தயவுசெய்து அமைதி காக்கவும்."

பாட்டுப் போட்டார்கள். தொண்டை கிழிய அவள் கத்தியது பக்கத்தில் நின்ற ஜுனுவுக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். மேயர் செங்கல்லுக்குக் குங்குமம் வைத்தார். புல்டோசர் நகர்ந்து வந்து கோல் கம்பத்தில் முட்டியது. கம்பம் உடனே விழவில்லை. கொஞ்சம் வளைந்து நின்று, பிறகுதான் சாய்ந்தது.

மேடை கை தட்டியது. ஊரும் தட்டியது. சோனிகா இரண்டு கைகளையும் அக்குளில் இறுக்கிக்கொண்டு நின்றாள். அவளுக்கு அழுகை வரவில்லை, அருவருப்பாக இருந்தது, அதில் பாதி தன்மேல்தான்.

"போலாம் தீதி," என்றாள் ஜுனு. "நாளைக்குப் பாஸ்போர்ட் ஆபீஸ் திறந்திருக்கும்."