ஸ்டீயரிங்கில் இருந்தது யார்?

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தன் கண்ணைக் காட்டிக்கொள்ள மூன்று வருடமாக நாள் தள்ளிக்கொண்டே வந்தார். ஊரார் கண்ணுக்கெல்லாம் கண்ணாடி கொடுக்கிறவர், தனக்கு என்று வரும்போது சாக்குப்போக்கு சொன்னார். கடைசியில் ஒருநாள் அவருடைய அண்ணிதான் விடாப்பிடியாகக் கிளப்பிக் கூட்டிப்போனாள்.

டாக்டர் இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டு அரைமணி நேரம் உட்கார வைத்துப் பரிசோதித்தார். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் சாயங்காலம் வரை வண்டியைத் தொடக்கூடாது என்று சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார். வெளியே வந்தவருக்கு வெயிலில் எல்லாமே வெள்ளையாகப் பூத்துத் தெரிந்தது. தன் கார் எது, பக்கத்துக் கார் எது என்றே பிடிபடவில்லை.

அண்ணி கையை நீட்டினாள். "சாவியைக் குடுங்க தம்பி. நான் ஓட்டறேன்."

அண்ணன் போய் நான்கு வருடமாகிறது. அதற்குப் பிறகு அவள் இவருடைய கடையில்தான் வேலை பார்த்தாள். ஐம்பத்திரண்டு வயதில் யாரிடமும் அதிகம் சொல்லாமல் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, இரண்டு முறை தேர்வில் கோட்டைவிட்டு, மூன்றாவது முறை தேறினாள். லைசென்ஸ் வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. கடைக்காரர் யோசிக்காமல் சாவியைக் கொடுத்தார்.

பாதி வழி வரை நன்றாகத்தான் ஓட்டினாள். ரொட்டிக் கடை முனையில் ஒரு சைக்கிள் சட்டென்று குறுக்கே வந்தது. அவள் வண்டியை ஒடித்தாள். பிரேக்கில் இருக்க வேண்டிய கால் பதற்றத்தில் ஆக்சிலேட்டருக்கு நழுவியது. கார் நடைபாதையில் ஏறி, ரொட்டிக் கடையின் கண்ணாடி முகப்பை இடித்துத் தள்ளிவிட்டு நின்றது. நல்ல வேளை, யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. சைக்கிள்காரன் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். ரொட்டிக் கடைக்காரர் மாவுக் கையோடு ஓடிவந்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தார், அண்ணியின் முகத்தைப் பார்த்தார். திட்டத்தான் வாயெடுத்தார், அவள் கை நடுங்குவதைக் கண்டதும் உள்ளே போய் நாற்காலியும் தண்ணீரும் கொண்டுவந்தார்.

காரை ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துப் போன பிறகு, கண்ணாடிக் கடைக்குப் பக்கத்துச் செருப்புக் கடைக்காரர் துக்கம் விசாரிக்க வந்தார். அவருக்கு வக்கீல் என்று பட்டப்பெயர். எதைக் கேட்டாலும் தீர்ப்பு சொல்லிவிடுவார். இன்சூரன்ஸ் யார் பேரில் இருக்கிறதோ அவர் ஓட்டியிருந்தால்தான் பணம் வரும், வேறு ஆள் ஓட்டினால் அந்தக் காகிதத்தை மடித்துப் பரணில் வைக்க வேண்டியதுதான் என்று அடித்துச் சொன்னார்.

கண்ணாடிக் கடைக்காரர் மனசுக்குள் கணக்குப் போட்டார். காருக்கு ஆகும் செலவு ஒரு பக்கம், ரொட்டிக் கடை முகப்பு இன்னொரு பக்கம். எல்லாவற்றுக்கும் மேல், அண்ணி தலையில் இந்தப் பழி விழக்கூடாது. இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டார். மறுமுனையில் இருந்த பெண் ஓட்டியது யார் என்று கேட்டதும், "நான்தான்" என்று சொல்லிவிட்டார்.

மேசையில் ஃபிரேம்களை அடுக்கிக்கொண்டிருந்த அண்ணி, கையில் இருந்ததைக் கீழே வைத்தாள்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"உங்களுக்காகத்தான் அண்ணி. விடுங்க, நான் பாத்துக்கறேன்."

"உங்க அண்ணன் இருந்தவரைக்கும் என் பேச்சையும் அவரே பேசினாரு. அப்புறம் நீங்க பேசினீங்க. தப்புச் சொல்லல. ஆனா இடிச்சது நான். அதையாவது நானே சொல்லிக்கறேன்."

பணம் வராமல் போய்விடும் என்று அவர் இழுத்தார். வராவிட்டால் போகட்டும், ரெண்டு பேருமாகச் சமாளிப்போம் என்றாள். அவள் குரலை உயர்த்தவே இல்லை. அவர் போனைக் கையில் எடுத்தார். மறுபடி போன் போட்டு, முதலில் சொன்னது பொய், ஓட்டியது தன் அண்ணி என்று சொன்னபோது அவருக்குக் காது மடல் சூடாகிவிட்டது. மறுமுனையில் இருந்த பெண் அதைத் திருத்தி எழுதிக்கொண்டு, மறுநாள் ஆள் வருவார் என்றாள்.

மறுநாள் சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார். ஒல்லியான மனிதர், சிரிப்புக்குச் செலவு வைக்காத முகம். ரொட்டிக் கடையையும் காரையும் படம் எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கடைக்கு வந்தார். காகிதத்தைப் புரட்டி, எங்கிருந்து வந்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். கடைக்காரர் டாக்டர் சீட்டை நீட்டினார். சர்வேயர் அதை இரண்டு முறை படித்தார்.

"இந்த மருந்தோட நீங்க ஓட்டினதா எழுதியிருந்தா, ஒண்ணும் கிடைச்சிருக்காது. நல்லவேளை, நீங்களே திருத்திட்டீங்க."

கடைக்காரர் அண்ணியைத் திரும்பிப் பார்த்தார். அண்ணி தன் லைசென்ஸை எடுத்து வைத்தாள். உரிமையாளர் சம்மதித்துத்தான் சாவியைக் கொடுத்தாரா என்று சர்வேயர் கேட்டார். ஆமாம் என்றார் இவர்.

"அப்போ சரி. பாலிசி வண்டிக்குத்தான். நீங்க சொல்லி, லைசென்ஸ் இருக்கறவங்க ஓட்டினா செல்லும். சிலதுல பேர் எழுதின ஆளுங்க மட்டும்தான் ஓட்டணும்னு இருக்கும். உங்களுதுல அந்த வரி இல்ல. ரொட்டிக் கடை நஷ்டமும் இதுலயே வரும். இவங்க லைசென்ஸ் புதுசு, அதனால நீங்க கையிலேர்ந்து போடற பங்கு மட்டும் கொஞ்சம் கூடும்."

அவ்வளவுதான் என்று கிளம்பினார். வாசல்வரை போனவர் திரும்பி, தன் மூக்குக்கண்ணாடியின் காது பிடி தளர்ந்துவிட்டது, முறுக்கித் தர முடியுமா என்று கேட்டார். அண்ணியே சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்து முறுக்கிக் கொடுத்தாள். கை நடுங்கவில்லை.

விஷயத்தைக் கேட்ட வக்கீல், தானும் அதைத்தான் சொன்னதாகச் சாதித்தார். யாரும் வாதாடப் போகவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வண்டி தயார் என்று அழைப்பு வந்தது. கடையில் கூட்டம். சாயங்காலம் தானே போய் எடுத்துக்கொள்கிறேன் என்று கடைக்காரர் சொல்லி முடிப்பதற்குள், அண்ணி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அவளுக்கு முகம் வெளுத்திருந்தது. அவர் வண்டி ரசீதை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

ஒர்க்‌ஷாப் பத்து நிமிட தூரம். ஒரு மணி நேரமாயிற்று, இன்னும் காணோம். ஒரு வாடிக்கையாளரின் கண்ணை அளக்கும்போது இரண்டு முறை எண்ணை மாற்றி எழுதிவிட்டு, மன்னிப்புக் கேட்டு, மறுபடி அளந்தார். வாசலில் கார் வந்து நின்ற சத்தம் கேட்ட பிறகுதான் நிம்மதியாக மூச்சு விட்டார்.

"என்ன அண்ணி, இவ்ளோ நேரம்? வண்டியில ஏதாவது கோளாறா?"

"ஒண்ணுமில்ல. பெரிய ரோடு காலியாக் கிடந்துச்சு. ஏரி வரைக்கும் போய் ஒரு சுத்து சுத்திட்டு வந்தேன்" என்று சொல்லிவிட்டு, காத்திருந்த அடுத்த ஆளை உள்ளே கூப்பிட்டாள்.