சட்டைப் பொத்தான் அளவு

என் காலின் நாற்றத்தைப் பற்றி முன்பின் தெரியாதவர்கள் உட்கார்ந்து படிக்கப் போகிறார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால், சொன்னவரை வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பேன்.

இந்த இணையப் படிப்பை வீட்டுக்குள் கொண்டுவந்தவன் என் மகன். ஏதோ ஒரு பல்கலைக்கழகம் பாலம் கட்டுவதையும் சிறுநீரகத்தையும் விண்மீனையும் வயலினையும் ஒரே பக்கத்தில் கடை விரித்திருக்கிறது. மளிகைக் கடைக்காரர்கூட விளக்குமாற்றையும் உப்பையும் தள்ளித்தான் வைப்பார். மகன் மின்னணுவியலில் சேர்ந்தான். பேராசிரியரை இரண்டு மடங்கு வேகத்தில் கத்தவிட்டுக்கொண்டே பல் தேய்ப்பான். பேத்தி இசையில் சேர்ந்து மூன்றாம் பாடத்தோடு நின்றாள்.

ஒழுங்காகப் படித்தது மருமகள் ஒருத்திதான். ஆஸ்பத்திரியில் உதவி நர்ஸ். புண் பராமரிப்புப் படிப்பில் தேறினால் மாதக் கடைசியில் அந்தப் பிரிவுக்கு எடுத்துக்கொள்வதாகத் தலைமை நர்ஸ் சொல்லியிருந்தார். தேறாவிட்டால் இன்னும் ஒரு வருடம் மலத்தட்டு கழுவ வேண்டியதுதான்.

அதே படிப்பில் நானும் சேர்ந்தேன், யாருக்கும் சொல்லாமல். மருமகள் படிப்பது மோசடியா இல்லையா என்று பார்ப்பது குடும்பத் தலைவனின் கடமை. இன்னொரு காரணமும் உண்டு. ஐந்து வாரமாக என் வலது உள்ளங்காலில் ஒரு புண். சர்க்கரை வியாதிக்காரன் புண்ணை மறைக்கக் கூடாது என்று எனக்கும் தெரியும். ஆனால் எங்கள் குடும்பத்தில் உடம்பைப் பிறர் முன் விரித்துக் காட்டும் வழக்கம் கிடையாது. என் அப்பா கடைசி மூச்சைக்கூடக் கதவைச் சாத்திக்கொண்டுதான் விட்டார்.

ஆகவே நானே மருந்து வைத்துக் கட்டினேன். கட்டை அவிழ்க்கும்போது எனக்கே குமட்டும். அழுகிய இலை தேங்கிய தொட்டியின் வாடை. முப்பது வருடம் குடிநீர் ஆய்வகத்தின் தலைவனாக இருந்தவன் நான். எந்தத் தொட்டியில் அந்த வாடை வந்தாலும் அன்றே மூடச் சொல்லிக் கையெழுத்துப் போடுவேன். இப்போது அதே வாடையைக் காலுறைக்குள் வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன்.

ஆறாவது வாரம் கட்டுரை. வீட்டில் ஒரு நோயாளியின் புண்ணைக் கவனித்து எழுத வேண்டும். அதைத் திருத்துவது ஆசிரியர் இல்லையாம், சக மாணவர்களாம். பெயர் இருக்காது, எண் மட்டும். குருடனுக்குக் குருடன் வழிகாட்டுவது போன்ற ஏற்பாடு. இருநூறு பேர் சேர்ந்த வகுப்பில் மிஞ்சியது பதினான்கு பேர். ஞாயிற்றுக்கிழமை மதியம் என் பங்குக்கு ஒரு கட்டுரை வந்தது.

'நோயாளி எழுபத்து மூன்று வயது ஆண். ஓய்வுபெற்ற குடிநீர் ஆய்வகத் தலைவர். தன் புண் வீட்டில் யாருக்கும் தெரியாது என்று நம்புகிறார். வீட்டுக்குள்ளும் காலுறையைக் கழற்றுவதில்லை. அதைத் தானே துவைக்கிறார். அறையில் பினாயில் வாசனை, அதற்கு அடியில் வேறொரு வாசனை. முப்பது வருடமாகக் குப்பையைத் தொடாதவர், இப்போது செய்தித்தாளில் எதையோ சுற்றிக் குப்பை வண்டியை எதிர்பார்த்து நிற்கிறார்.'

காது சுட்டது. மேலே படித்தேன்.

'கேட்டால் அவமானப்படுவார் என்பதால் கேட்கவில்லை. அவர் காப்பியில் சர்க்கரையைச் சிறிது சிறிதாகக் குறைத்துவிட்டேன். இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை.'

ஒரு சொட்டுக் குளோரின் கூடினாலும் நாக்கில் கண்டுபிடித்தவன் நான்!

'புண் இடது காலில் இருக்கலாம். ஒரு சட்டைப் பொத்தான் அளவு இருக்கலாம்.'

இருக்கலாமா? எந்தச் சட்டை? எந்தப் பொத்தான்? எங்கள் வீட்டு அழுக்கைத் தெருவில் கொட்டியது ஒரு கேவலம். அதையும் தப்பாக அளந்து கொட்டியது அதைவிடக் கேவலம்.

கீழே மதிப்பெண் கட்டங்கள் இருந்தன. 'புண்ணின் நீளம், அகலம், ஆழம் மில்லிமீட்டரில் உள்ளதா? இல்லையெனில் பூஜ்யம். இதில் பூஜ்யம் பெற்றவர் தேற முடியாது.' ஆத்திரத்தோடு பூஜ்யத்தை அழுத்தப் போனேன். நியாயமான பூஜ்யம்தான். அளக்காத எண்ணுக்கு நான் ஒருநாளும் கையெழுத்துப் போட்டதில்லை. ஆனால் ஒரு புண்ணை அளக்கத் தெரியாமல் என் வீட்டு மருமகள் தோற்றாள் என்ற பேர் வரும். அளக்கவிடாதவன் யார்? பக்கத்திலேயே இன்னொரு பொத்தான்: 'திருத்தி அனுப்பச் சொல்லவும். கெடு நாளை மாலை.' அதை அழுத்திவிட்டு, மேசையிலிருந்து எஃகு அளவுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

மருமகள் சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். மகன் பின்கட்டில் பேராசிரியரைக் கத்தவிட்டுக்கொண்டே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான்.

"சட்டைப் பொத்தான் அளவா?" என்றேன்.

அவள் கையிலிருந்த தட்டு தொட்டிக்குள் விழுந்தது. "மாமா... அது எப்படி உங்களுக்கு..."

"பதினாலு பேர்ல நானும் ஒருத்தன்."

"நான் பேரே எழுதலையே மாமா."

"குடிநீர் ஆய்வகத் தலைவர், வீட்டுக்குள்ள சாக்ஸோட நடக்கறவர். கதவு எண்ணையும் போட்டிருந்தா தபால்காரருக்கு வசதியா இருந்திருக்கும்."

மகன் எட்டிப் பார்த்தான். "என்னப்பா, நீங்களும் படிக்கிறீங்களா, இல்ல வழக்கம்போல தணிக்கையா?"

"நீ துணியைப் பாரு. உன் வாத்தியார் மூச்சுத் திணறிச் செத்துடப் போறார்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வலது காலுறையைக் கழற்றினேன். வாடை சமையலறை முழுக்கப் பரவியது. வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது. நான் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அவள் பொத்திக்கொள்ளவில்லை. கையுறை போட்டுத் தரையில் உட்கார்ந்து, கட்டைப் பிரித்து, அளவுகோலைத் தோலில் படாமல் பிடித்தாள்.

"நீளம் இருபத்திரண்டு. அகலம் பதினேழு." குரல் இறங்கியது. "ஆழத்தை இங்க வச்சு அளக்க முடியாது மாமா. உள்ள எலும்பு வரைக்கும் போயிருக்கான்னு பார்க்கணும்."

"அளக்காம எழுதாதே."

"அதான். காலைல எட்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"அதெல்லாம் கட்டுரைல கிடையாது."

"கடைசிக் கேள்வியைப் படிக்கலையா? 'அடுத்து என்ன செய்யப்பட்டது?' அதுக்கும் நீங்கதானே மார்க் போடணும்."

படித்திருந்தேன். காலை இன்னும் கொஞ்சம் நீட்டினேன். அவள் புதிதாகக் கட்டுப் போட்டாள். நான் போட்டதைவிடச் சிக்கனமாக, நேராக இருந்தது.

"ஏழு மணிக்கே போயிடலாம்," என்றேன். "பின்வாசல் வழியா. தெரிஞ்சவங்க கண்ணுல பட வேண்டாம்."

"மாமா, அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரே வாசல்தான்."