இரண்டு முள்ளுக்கு ஒரு ரெசிஸ்டர்

பழையகாயல் தாண்டியதும் பெட்ரோல் முள் இறங்கத் தொடங்கியது. கிளம்பும்போது முக்கால் டேங்க் காட்டிய முள். மீட்டரைச் சோதிக்க ஜீப்பை ஓட்டிவந்த தேவபிரசாதம் சார் ஒரு கண்ணை ரோட்டுக்கும் மற்றதை மீட்டருக்கும் கொடுத்திருந்தார். பக்கத்து சீட்டில் பெனிஸ்டன் இரண்டையும் பார்க்கவில்லை. காலை ஆட்டினான், நிறுத்தினான், மறுபடி ஆட்டினான். 'ஜாஸ்லினை எனக்குக் கட்டித் தருவீங்களா?' என்ற ஒரே கேள்வியை ஞாயிறுதோறும் அவர் வீட்டுக்குச் சுமந்துபோய், டீயோடு சேர்த்து விழுங்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தான். இன்று அது உள்ளே போக மறுத்தது.

ஜீப் சாருடைய அப்பா வாங்கியது. ஆறு வோல்ட்டில் ஓடிய வண்டி. ஆறு வோல்ட் பேட்டரிக்கு அலைந்து அலுத்த சார், பல்பு, டைனமோ எல்லாவற்றையும் பன்னிரண்டுக்கு மாற்றிவிட்டார். எலெக்ட்ரீஷியன் ரோச் பெட்ரோல் மீட்டரையும் என்ஜின் சூட்டு மீட்டரையும் மட்டும் தொட மறுத்தார். "பழைய சாமான் சார். பன்னெண்டக் குடுத்தா கருகிப்போவும்." அப்போதுதான் சாருடைய மகள் ஜாஸ்லின், தன்னோடு படித்த ஒருவன் சாகுபுரம் ஆலையில் மீட்டர் பார்க்கும் வேலையில் இருப்பதாகப் போகிறபோக்கில் சொன்னாள். போகிறபோக்கில் சொல்ல நன்றாக ஒத்திகை பார்த்திருந்தாள்.

வோல்ட்டைக் குறைக்க மீட்டருக்கு ஒரு ரெசிஸ்டர் மாட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. பெனிஸ்டன் அதை ஞாயிற்றுக்கிழமைகளாகப் பிரித்துக்கொண்டான். ஆராதனை முடிந்து வருவான், வயரைப் பிரிப்பான், டீ குடிப்பான், பிரித்த வயரைச் சேர்ப்பான். நேற்று, சனிக்கிழமையே வரச்சொன்ன சார், அவசரத்துக்குக் காரணம் சொன்னார்.

"இன்னைக்கே முடிச்சிருங்க தம்பி. திங்கக்கெழம ஜாஸ்லினப் பாக்க வாராங்க. சாத்தான்குளத்துக்காரங்கதான், மெட்ராஸ்ல இருக்காங்க. ஸ்டேஷன்லருந்து இதுலதான் கூட்டிட்டு வரணும். மாப்பிள்ளைக்குப் பழைய வண்டின்னா உசுராம்."

மாப்பிள்ளைக்கு வண்டி தயார்செய்வது தான்தான் என்று பெனிஸ்டனுக்குத் தெரியவந்த விதம் இது. டாஷ்போர்டுக்கு அடியில் குனிந்திருந்தான். நிமிர்ந்தால் சமையலறை ஜன்னலில் ஜாஸ்லின் முறைத்தாள். நிமிராமலே எதையோ எதனோடோ முடுக்கிவிட்டு வந்தான்.

"தம்பி, பெட்ரோல் ஒழுகுது." இறங்கிக்கொண்டிருந்த முள்ளைக் காட்டினார் சார்.

சார் உப்பளத்து ஓரமாக வண்டியை நிறுத்தினார். அடியில் குனிந்து பார்த்தார், தரை காய்ந்துகிடந்தது. சீட்டைத் தூக்கி, டேங்க் மூடியைத் திறந்து, எப்போதும் வைத்திருக்கும் ஈர்க்கை உள்ளே விட்டு எடுத்தார்.

"முக்கால் டேங்க் நிக்கி. ஒங்க மீட்டரு கால்ங்குது. வெளக்கமாத்துக் குச்சிக்கு எந்த வோல்ட்டும் வேண்டாம் பாத்தீங்களா?"

பெனிஸ்டன் சட்டைப் பையைத் தடவினான். இரண்டு வாங்கியதில் ஒரு ரெசிஸ்டர் அங்கேயே இருந்தது. நேற்று இரண்டு மீட்டரையும் ஒன்றிலேயே கட்டிவிட்டிருக்கிறான். என்ஜின் சூடேறச் சூடேற, சூட்டு மீட்டர் கரண்டைக் கூடுதலாக இழுத்துக்கொள்ள, பெட்ரோல் மீட்டர் பட்டினி கிடந்திருக்கிறது.

மெசேஜ் வந்து போன் அதிர்ந்தது. ஜாஸ்லின். 'கேட்டியா?'

'மீட்டர் பாத்துட்டு இருக்கேன்.'

'மீட்டரையே கட்டிக்கோ.'

அவன் டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்தான். பக்கத்தில் சாரும் குனிந்தார். கொதித்துக்கொண்டிருந்த ரெசிஸ்டரின் வெள்ளைப் பீங்கான் கட்டியை நோக்கி விரலை நீட்டினார். "இதுதானா அது?"

"மாமா, தொடாதீங்க! சுட்டுரும்!"

விரல் அப்படியே நின்றது. உப்பு லாரி ஒன்று அவர்களை உலுக்கிவிட்டுப் போனது. 'மாமா' என்பது இதுவரை குளியலறைக் கண்ணாடியிடம் மட்டும் சொல்லிப்பார்த்த முறை. பெண் கேட்டு, பெரியவர்கள் பேசி, நிச்சயமான பிறகு கூப்பிட வேண்டியது. வாயிலிருந்து போனதை மறுபடி விழுங்க வழி இருக்கிறதா என்று பெனிஸ்டன் யோசித்தான். இல்லை.

சார் சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தார். அவன் வயரைப் பிரித்து, இரண்டாவது ரெசிஸ்டரை மாட்டினான். ஸ்க்ரூ இரண்டு முறை கைநழுவியது. இரண்டு முறையும் சார்தான் எடுத்துக் கொடுத்தார்.

"மாட்டியாச்சு," என்றான், எந்த முறையும் சேர்க்காமல்.

சார் சீட்டில் ஏறி உட்கார்ந்து சாவியில் கைவைத்தார்.

"ஏலே," என்றார். இதுவரை தம்பி. இது கோபமா, உரிமையா, அவனுக்குப் பிடிபடவில்லை. "நாளைக்கு நான் ஸ்டேஷனுக்குப் போணுமா, வேண்டாமா?"

சாவியைத் திருகினார். அந்தக் காலத்து முட்கள். கரண்ட் வந்ததும் துள்ளுவதில்லை, யோசித்து யோசித்துத்தான் எழும்பும். இரண்டும் அடியில் கிடந்தன. பெனிஸ்டன் வாயைத் திறந்தான். பெட்ரோல் முள் லேசாக நடுங்கி மேலே நகர்ந்தது. பக்கத்தில் மற்றது, அதைக் கண்டுகொள்ளாமல், தன்பாட்டுக்கு ஏறத் தொடங்கியது.