அதுவும் இல்லன்னா

…உன் கையால ஆக்கின சோத்த நீயே துன்ன மாட்டன்னா ஊருக்கு எதுக்குப் பரிமாறிக்கினு கீற, என்று புருஷன் அருணகிரி கேட்டுவிட்டான், கேட்டுவிட்டு வேனின் முன்கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டான், அவனுக்கென்ன, ஒரு வார்த்தையை எறிந்துவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டு போய்விடலாம், அந்த வார்த்தை மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டு வரை ரேணுகாவின் பின்னாலேயே வந்து, செங்கல்பட்டு பஸ்ஸில் ஏறி, அவளுக்கும் மகள் ஸ்வாதிக்கும் நடுவில் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறது. ஸ்வாதி மடியில் பரீட்சை அட்டையை வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். கல் செதுக்குகிற பட்டறைகள் பின்னால் போய்க்கொண்டிருந்தன, உளிச்சத்தம் பஸ் சத்தத்தையும் மீறிக் கேட்டது. எட்டாவது வரைக்கும்தான் அவள் படித்த பள்ளியில் வகுப்பு, இனி ஒன்பதாவதுக்கு எங்கே என்று ஒரு மாதமாக வீட்டில் இதே பேச்சு, சாப்பிடும்போது, துணி மடிக்கும்போது, வேனுக்கு டீசல் போட்டுவிட்டு வந்து செருப்பைக் கழற்றும்போது. நம்ம ஸ்கூலுக்கு இன்னா கொற, நான் அங்க படிச்சவந்தான், நீ அங்க டீச்சர்தான, என்பான். மொதல்ல செங்கல்பட்டு, அது இல்லன்னா கேளம்பாக்கம், என்பாள் இவள். அதுவும் இல்லன்னா? என்பான். சொல்லு ரேணு, அதுவும் இல்லன்னா? அவள் சொல்ல மாட்டாள். சொன்னால் என்ன, நாக்கு வெந்துவிடுமா? பதினான்கு வருஷமாக அவள் கணக்கு சொல்லிக்கொடுக்கிற அரசு உயர்நிலைப் பள்ளி, அவளுக்குச் சோறு போடுகிற பள்ளி, அது ஏன் அந்த வரிசையில் கடைசியாகவும் கூட வாய்க்கு வரமாட்டேன் என்கிறது…

குறை என்னவென்று அவனுக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும், அதுதான் வித்தியாசம். அறிவியல் வாத்தியார் மாற்றல் வாங்கிக்கொண்டு போனதிலிருந்து அந்த இடம் காலி, யாரும் வரவில்லை, கணக்கு டீச்சரான அவளே அறிவியலும் எடுக்கிறாள், எடுக்கிறாள் என்றால், ஒரு பிள்ளையை எழுப்பிப் புத்தகத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்கிறாள், முக்கியமான வரிகளுக்கு அடிக்கோடு போடச் சொல்கிறாள். ஆய்வகம் என்று எழுதியிருக்கிற அறையில் கால் உடைந்த பெஞ்சுகள் கிடக்கின்றன. தண்ணீரில் போட்ட குச்சி ஏன் டீச்சர் வளைஞ்சாப்புல தெரியுது, புத்தகத்துல எழுதிக்கிறது புரியல, என்று எட்டாம் வகுப்புப் பொன்னி எழுந்து கேட்டபோது, நாளைக்குச் சொல்றேன் உட்காரு, என்றாள். மறுநாள் அந்தப் பெண் மறக்காமல் மறுபடி எழுந்து நின்றது. எத்தனை நாளைக்குச் சொல்றேன்… அதை அருணகிரியிடம் எப்படிச் சொல்வது? ஆசிரியர் பற்றாக்குறை என்று சொல்லலாம், கல்வித்துறை என்று சொல்லலாம், அவன் தலையை ஆட்டுவான். நான் என்று சொல்ல முடியுமா?

பூஞ்சேரியில் பஸ் நின்றது, ஏறியவர்களில் கன்னியம்மா இருந்தாள். பொன்னியின் அம்மா. கடற்கரையில் சங்கும் பாசிமணியும் விற்கிற கடை வைத்திருக்கிறவள். ரேணுகா சட்டென்று குனிந்து பையில் எதையோ தேடினாள், எதைத் தேடுகிறாய், ஒன்றுமில்லை, முகத்தை மறைக்க ஓர் இடம், ஆனால் கன்னியம்மாவின் கண்ணுக்குத் தப்பி யாராலும் பாசி கூடத் திருட முடியாது, டீச்சர் என்று கூப்பிட்டுக்கொண்டே வந்து, எதிர் சீட்டுக்காரரைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லி, இடமும் பிடித்துவிட்டாள்.

"இன்னா டீச்சர், லீவு நாள்ல பொண்ண இட்டுகினு எங்க கெளம்பிட்டீங்க?"

"பல் டாக்டர்கிட்ட. இவளுக்குக் கடவாய்ப் பல்லு."

எங்கிருந்து வந்தது அந்தப் பல்? யோசிக்கவே இல்லை, அவள் நாக்கே ஒரு பல்லைச் சொத்தையாக்கி ஸ்வாதியின் வாயில் வைத்துவிட்டது. பல் டாக்டரிடம் போகிறவள் பரீட்சை அட்டை வைத்திருப்பாளா? ஸ்வாதி மெல்லத் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். பிறகு திரும்பவும் ஜன்னல்.

கன்னியம்மா பேசிக்கொண்டே வந்தாள். தங்கைக்குச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்திருக்கிறதாம், ஆம்பளப் பிள்ளை, பார்க்கப் போகிறாளாம். "எங்க தெருவுல பாதிப் பேரு பசங்கள செங்கல்பட்டுல போட்டுட்டாங்கோ டீச்சர். எங்கூட்டுக்காரரு நம்ம பொண்ணையும் போடலாம் போடலாம்னு பேஜாரு பண்ணிகினு கீறாரு. நான் ஒரே வார்த்த சொல்லிட்டேன். டீச்சர் வேணாம்னுட்டாங்கோ, பொன்னி எங்கயும் போவாதுன்னு."

ஆமாம், சொன்னாள். சொல்லித்தான் தொலைத்தாள். கோடை லீவுக்குப் பள்ளி மூடுவதற்கு முன்னால் கன்னியம்மா மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்தபோது, ஹெட்மாஸ்டர் ராஜாராம் கண்ணாடிக்கு மேலாக ரேணுகாவைப் பார்த்தார், அந்தப் பொண்ண விட்றாதீங்கம்மா, பத்தாவதுல நமக்குன்னு காட்ட ஒரு பேராவது வேணும், என்றார் மெதுவாக. அவள் கன்னியம்மாவின் பின்னாலேயே சைக்கிள் ஸ்டாண்டு வரை போனாள். நான் இருக்கேன் இல்ல, ஏன் பயப்படறீங்க, என் பொண்ணு மாதிரி பார்த்துக்கறேன். இதே வாய்தான். என் பொண்ணு மாதிரி… அந்த நேரத்தில் அது பொய்யாகத் தோன்றவில்லையே, கன்னியம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். ஹெட்மாஸ்டருக்காகவா சொன்னாள்? பள்ளியின் பெயருக்காகவா? இல்லை, பலகையில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடையோடு நிமிர்கிற அந்த ஒரு முகமும் போய்விட்டால் யாரைப் பார்த்துப் பாடம் நடத்துவது என்பதற்காகவா? பொன்னி எல்லாவற்றையும் கேட்கிற பெண். கேட்காத நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில், கேட்கிற ஒரு பெண் இருந்தால்தான் தான் டீச்சர் என்பதே…

"ஆன்ட்டி," என்றாள் ஸ்வாதி. ஜன்னலிலிருந்து திரும்பாமலே. "எனக்குப் பல்லுவலி எல்லாம் இல்ல. ஒன்பதாவது சேர்றதுக்கு டெஸ்ட் எழுதப் போறோம்."

கண்டக்டர் யாரிடமோ சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சண்டை முடியாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று ரேணுகா நினைத்தாள். கன்னியம்மா கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம், அவள் ஸ்வாதியின் புதுச் சட்டையைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள், பிறகு ரேணுகாவின் கையைப் பார்த்தாள், முகத்துக்கு வரவே இல்லை. "அப்பிடியா," என்றாள். வயல் போயிற்று, செங்கல் சூளை போயிற்று. பிறகு, கடைக்கு வந்த பொருளின் தரம் கேட்கிற மாதிரி, சாதாரணமாகக் கேட்டாள்.

"நல்ல ஸ்கூலா டீச்சர்?"

"ம்."

"அப்ப பொன்னிக்கு எடம் கெடைக்குமா அங்க? டெஸ்டு எப்போ?"

ஒன்பதாவதில் இரண்டே இடம்தான் காலி என்று அந்தப் பள்ளி ஆபீஸ் பெண் போனில் சொல்லியிருந்தாள். இரண்டு. கல்பாக்கத்திலிருந்தும் சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்தும் எத்தனை பேர் வருவார்களோ, அதில் ஸ்வாதிக்கு ஒன்று கிடைத்தால் பெரிது, அல்ஜீப்ராவில் அவளுக்குக் கை நடுங்கும், பொன்னிக்கு நடுங்காது. முடிஞ்சிடுச்சு கன்னிம்மா, இன்னிக்கு எழுதறவங்க முன்னாடியே பேர் குடுத்தவங்க, என்று ஒரு வாக்கியம் வாயில் தயாராக உருண்டது, ஒரு பல்லை உண்டாக்கின வாய்க்கு இது பெரிய வேலையா? அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சேர்த்துக்கொள்ளலாம், கன்னியம்மா நம்புவாள், அவள் நம்பிக்கைக்கு அளவே கிடையாது, அதுதான் கஷ்டம். திருக்கழுக்குன்றம் மலை தெரிய ஆரம்பித்தது. ஸ்வாதி இப்போது ஜன்னலை விட்டுவிட்டு நேராக அம்மாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்குத்தான்," என்று ரேணுகாவின் குரல் சொன்னது. "பதினொன்றரைக்கு. மார்க் ஷீட் எடுத்துட்டு வந்தா போதும், உட்கார வச்சிடுவாங்க."

பள்ளியின் பெயரையும் கேட்டுக்கொண்டு கன்னியம்மா எழுந்து நின்றுவிட்டாள், பஸ் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. "போன் பண்ணா அவரு வண்டியில இட்டாந்துடுவாரு. யோவ் கண்டக்டரு, ஸ்டாண்டுல பூத்து எங்க கீது?" ஆஸ்பத்திரி? என்றாள் ரேணுகா. "அவ எங்க டீச்சர் ஓடிப் போறா? புள்ள பெத்துகினு படுத்துகினு கீறா." திருக்கழுக்குன்றத்தில் பஸ் முழுதாக நிற்பதற்குள் இறங்கி, எஸ்.டி.டி. பூத்தை நோக்கிப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

பஸ் அவளை விட்டுவிட்டுக் கிளம்பியது. சொன்னது நல்லதுக்குத்தானே… நல்லவள் என்பதால் சொன்னாளா, மகள் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதால் சொன்னாளா? ஸ்வாதி ஜன்னல் பக்கம் போயிருந்தால் வேறு வாக்கியம் வந்திருக்குமோ? பொன்னி வந்தா அவளுக்குத்தாம்மா கெடைக்கும், என்றாள் ஸ்வாதி, வருத்தமில்லாமல், மழை வரும் என்று சொல்வதுபோல. ரெண்டு எடம் இருக்கும்மா, என்றாள் ரேணுகா. எனக்குக் கெடைக்கலன்னா உன் கிளாஸ்ல உக்காருவேன் இல்ல? அப்ப உன்ன டீச்சர்னு கூப்பிடணுமா, வீட்டுக்கு வந்தப்பறம் அம்மாவா? ஸ்வாதி சிரித்தாள். ரேணுகா சிரிக்கவில்லை. மூன்றாவது பெஞ்சில் ஸ்வாதி உட்கார்ந்திருக்கிறாள், ஒரு பிள்ளை எழுந்து புத்தகத்தைப் படிக்கிறது, டீச்சர் மேசைமேல் கையை ஊன்றி வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அடிக்கோடு போடுங்க, நாளைக்குச் சொல்றேன், உட்காரு… ஸ்வாதி பார்க்கிறாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் ஒன்றும் சொல்ல மாட்டாள், அவள் சொல்கிற பெண் இல்லை, பார்க்கிற பெண். அதற்குத்தானா இத்தனையும்? ஒரு மாதச் சண்டையும் செங்கல்பட்டும் கேளம்பாக்கமும், நல்ல படிப்பு, இங்கிலீஷ், எதிர்காலம் என்று பேசியதெல்லாமும், பெற்ற மகள் தன் வகுப்புக்குள் வந்து உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்குத்தானா? இல்லை, அப்படி இல்லை, ஆய்வகம் வேண்டாமா ஒரு பிள்ளைக்கு? வேண்டும்தான். கொளவாய் ஏரியின் காற்று ஜன்னல் வழியாக முகத்தில் அடித்தது, அவளுக்கு வியர்த்துக்கொண்டேயிருந்தது.

பள்ளிக்கூட வராந்தாவில் போட்டிருந்த பெஞ்சுகளில் இடமில்லை. டை கட்டின ஓர் அப்பா தன் பையனிடம் இங்கிலீஷில் கேள்வி கேட்டுக்கொண்டேயிருந்தார், பையன் பதில் சொல்லிக்கொண்டே நகத்தைக் கடித்தான். எந்தெந்தப் பள்ளியில் எழுதியாயிற்று, எது கைவசம் இருக்கிறது, எது கிடைக்காவிட்டால் எது, இங்கேயும் அதே பேச்சுதான், எல்லார் வீட்டிலும் ஓர் இல்லன்னா இருக்கிறது, அதற்கும் கீழே இன்னொன்று, எல்லாவற்றுக்கும் அடியில் யாரும் பெயர் சொல்லாத ஒன்று, அதில் ரேணுகா வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருக்கிறாள். கன்னியம்மா அடுத்த பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள், மூச்சு வாங்க வாசலிலேயே நின்றாள். சற்றைக்கெல்லாம் அவள் வீட்டுக்காரரின் டி.வி.எஸ். 50 கேட்டுக்குள் நுழைந்தது. பின்னால் பொன்னி. பள்ளிச் சீருடையிலேயே வந்திருந்தாள், அவசரத்தில் அதுதான் இஸ்திரி போட்டு இருந்திருக்கும். காற்றில் தலை கலைந்து, கண் சிவந்து. வராந்தாவில் இருந்தவர்கள் அந்தச் சீருடையைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரேணுகாவுக்குச் சுர்ரென்றது. என் பிள்ளை அது, நீங்கள் யார் பார்க்க, என்று ஒரு கோபம் எங்கிருந்தோ வந்து, வந்த வேகத்திலேயே வெட்கமாகி அடங்கிவிட்டது.

"வரமாட்டேன்னு ஒரே அழுவ டீச்சர்," என்றாள் கன்னியம்மா. "உங்கள உட்டுட்டு வரமாட்டாளாம். அதுக்குத்தான், டீச்சரேதான் வரச் சொன்னாங்கோன்னு சொல்லி இட்டாரச் சொன்னேன்."

பொன்னி அவளைப் பார்த்துக்கொண்டு நின்றது. வணக்கம் டீச்சர் என்று சொல்லவில்லை. ஸ்வாதிதான் போய், டப்பாவிலிருந்து இன்னொரு பேனாவை எடுத்துக் கொடுத்தாள். மணி அடித்தது, பிள்ளைகளை உள்ளே அழைத்தார்கள், இரண்டு பேரும் சேர்ந்துதான் போனார்கள், கதவருகில் பொன்னி திரும்பினாள், அம்மா பக்கம் இல்லை, டீச்சர் பக்கம். நல்லா எழுது என்று சொல்ல வேண்டியதுதானே? கதவு பாதி சாத்தப்பட்டது.

எப்பிடியும் ரெண்டுத்துல ஒண்ணாவது கெடச்சிடும் டீச்சர், என்று கன்னியம்மா காலியான பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். ரேணுகாவும் உட்கார்ந்தாள். போன வருஷம்… போன வருஷம் காஞ்சிபுரம் கணக்குப் போட்டிக்குப் பள்ளியிலிருந்து ஆள் தேர்ந்தெடுக்க ஒரு பரீட்சை வைத்தார்கள், காஞ்சிபுரத்தில் இரண்டு நாள் தங்க வேண்டும் என்று யாரோ சொல்லிவிட, பொன்னி வெறும் தாளை மடித்துக் கொடுத்துவிட்டு வந்தாள். ஏம்மா என்று கேட்டதற்கு, போவ இஷ்டமில்ல டீச்சர், என்றாள். இன்றைக்கும் அதையே செய்வாள். அந்தக் கண் அதைத்தான் சொல்லிற்று, டீச்சரே துரத்தினாலும் போக மாட்டேன் என்று. கதவு பாதிதான் சாத்தியிருக்கிறது, மேற்பார்வைக்கு நிற்கிற பெண்ணிடம் ஒரு நிமிஷம் என்று சொன்னால் விடுவாள், பொன்னியின் பெஞ்சருகே குனிந்து, எழுதும்மா, எல்லாத்தையும் எழுது, அங்க நான் உனக்கு ஒண்ணும் பெரிசா சொல்லித் தர்றதில்ல, என்று சொல்ல வேண்டும், இப்போதே, தாள் கொடுத்துக்கொண்டிருக்கிற இந்த நேரத்திலேயே… எழுந்திரு ரேணுகா. அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள், செருப்பில் கால் நுழைத்தாள். எழவில்லை. உள்ளே தாள்கள் புரள்கிற சத்தம் கேட்டது. ஸ்வாதிக்காகவா உட்கார்ந்திருக்கிறேன் என்று கேட்டுப் பார்த்தாள், அப்படியிருந்தால் கூட ஒரு தாயின் குற்றம், மன்னித்துவிடலாம். ஆனால் ஜூன் மாதம் பள்ளி திறக்கிற அன்று வகுப்பில் நுழைந்ததும் அவள் கண் தேடப்போகிற முகம் ஸ்வாதியுடையது இல்லையே…